1865-இல் ஒரு மைக்: பழைய அமெரிக்க ரேடியோ நாடகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

1947 ஜூலையில் ஒரு நாள், நாடு முழுக்க ஒலிபரப்பிய சிபிஎஸ் என்ற ரேடியோ நெட்வொர்க்கைத் திருப்பிய அமெரிக்கர்களுக்கு ஒரு நேரடி வர்ணனை கேட்டிருக்கிறது. செய்தியாளர் வாஷிங்டன் நகரத்து ஃபோர்ட்ஸ் தியேட்டரைப் பற்றிப் பேசுகிறார். உள்ளே நாடகம், ஜனாதிபதி லிங்கன் மனைவியோடு பார்க்க வந்திருக்கிறார், நாலு வருஷ உள்நாட்டுப் போர் ஒருவழியாக ஓய்ந்திருக்கிறது. தேதி 1865 ஏப்ரல் 14. ரேடியோவுக்கு வழிபோட்ட மார்க்கோனி பிறப்பதற்கே இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. மைக் எங்கிருந்து முளைத்தது என்று செய்தியாளர் சொல்வதில்லை, கேட்டவர்களும் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த நிகழ்ச்சி முதலில் 'சிபிஎஸ் இஸ் தேர்' என்ற பெயரில் வந்தது, அப்புறம் 'யூ ஆர் தேர்' ஆனது. 1950 வரை ஓடியது. யோசனை குட்மன் ஏஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளருடையது. காமெடி எழுதுகிறவருக்குத்தான் இப்படி ஒரு விபரீத யோசனை வரும், ஆனால் நிகழ்ச்சியில் துளிகூடச் சிரிப்பு கிடையாது. சரித்திரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளில், அந்த ஊரில், சிபிஎஸ் செய்திப் பிரிவு ஆட்களை நிறுத்தி இருந்தால் எப்படி ஒலிபரப்பி இருக்குமோ அப்படியே செய்வார்கள். ஒருத்தர் கூட்டத்துக்குள் நிற்பார், இன்னொருத்தர் வாசலில், மூன்றாமவர் யாரையாவது பிடித்துப் பேட்டி எடுப்பார். சாக்ரடீஸ் விஷம் குடிக்கப் போகும் நாளில்கூட ஒரு செய்தியாளர் ஏதென்ஸில் இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்க அபத்தமாக இருக்கும் இது ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால், பேசுகிறவர்கள் யார் என்பதில் பாதி விடை இருக்கிறது. அவர்கள் செய்தியாளர் வேஷம் கட்டிய நடிகர்கள் கிடையாது. ஜான் டேலி அந்த நிகழ்ச்சியின் முக்கியக் குரல்களில் ஒருவர். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியைச் சிபிஎஸ்ஸில் நாட்டுக்குச் சொன்னது அவர்தான். 1945 ஏப்ரல் 12 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்துபோன செய்தியைச் சொன்னதும் அவர்தான். அது நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1947-இல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அமெரிக்கக் குடும்பத்துக்கு அந்தக் குரல் ஒரு தடவை ஒரு ஜனாதிபதியின் சாவைச் சொல்லி இருக்கிறது. இப்போது அதே குரலின் நிகழ்ச்சியில் இன்னொரு ஜனாதிபதி சாகப் போகிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த விஷயம் வயிற்றைப் பிசையும் செய்தியாக மாறுவதற்கு வேறு என்ன வேண்டும்?

முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பது இங்கே குறையாகவே படவில்லை. அபிமன்யு செத்துப்போவான் என்று தெரிந்துகொண்டே விடிய விடிய கூத்துப் பார்க்கிற மனசுதான் இதற்கும். நமக்குத் தெரியும், அங்கே நிற்கிற செய்தியாளருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பதற்றம் உட்கார்ந்திருக்கிறது. இதே சிபிஎஸ்ஸில் 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் நியூ ஜெர்சியில் இறங்கிவிட்டதாகச் செய்தி அறிக்கை பாணியில் ஒரு நாடகம் போட்டு, கேட்டவர்களில் சிலரைக் கலவரப்படுத்தியது பலருக்கும் தெரிந்த கதை. 'யூ ஆர் தேர்' அதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. அங்கே நடக்காததை நடப்பதாகச் சொன்னார்கள். இங்கே நடந்து முடிந்ததை இன்னும் முடியவில்லை என்கிறார்கள்.

நான் இந்த நாடகங்களைக் கேட்க ஆரம்பித்தது தற்செயலாகத்தான், தூக்கம் வராத ஒரு இரவில். கேட்கக் கேட்கப் புரிந்த ஒன்று உண்டு. இவற்றில் எப்போதும் இரண்டு காலங்கள் ஒலிக்கின்றன. ஒன்று கதை நடக்கிற காலம், 1865, 1876, ஏதோ ஒன்று. மற்றது நாடகத்தைப் போட்ட காலம், அந்த வாரம், அந்த ஸ்டுடியோ, காசு கொடுத்த கம்பெனி, அன்று காலைப் பேப்பரில் வந்திருந்த பயம். முதலாவதைப் பற்றி இந்த நாடகங்கள் சொல்வதில் பாதியை அப்படியே நம்ப முடியாது. இரண்டாவதைப் பற்றி, தங்களை அறியாமலே, ஏராளமாக உளறிக் கொட்டிவிடுகின்றன. எனக்கு ருசி அங்கேதான்.

இதற்குச் சரியான உதாரணம் 'கேவல்கேட் ஆஃப் அமெரிக்கா'. 1935 அக்டோபரில் ஆரம்பித்து 1953 வரை ஓடிய சரித்திர நாடக வரிசை. வாரம் ஒரு அமெரிக்கப் பெருமகன், அல்லது பெருமகள்; கண்டுபிடிப்பாளர், மருத்துவர், ஆசிரியை, குடியேறிகள். காசு டூபான்ட் கம்பெனியுடையது. இந்த டூபான்ட் 1802-இல் டெலவேரில் ஒரு ஆற்றங்கரையில் துப்பாக்கி மருந்து அரைக்கிற ஆலையாகத் தொடங்கியது. முதல் உலகப் போரில் நேச நாடுகள் சுட்ட வெடிமருந்தில் சுமார் 40 சதவீதம் இவர்கள் விற்றது. 1934-இல் செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் ஒரு குழு ஆயுத வியாபாரிகள் போரில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தது. டூபான்ட் குடும்பத்துக்காரர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. 'மரண வியாபாரிகள்' என்ற பட்டம் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை, பணக்காரக் குடும்பத்தின் மேல் ஜனங்களுக்கு ஏற்கெனவே பிரியம் அதிகம் இல்லை.

அப்போது விளம்பரக் கம்பெனி ஒன்று வைத்தியம் சொன்னது. வேதியியல் மூலம் நல்ல வாழ்வுக்கு நல்ல பொருட்கள் என்ற அர்த்தத்தில் ஒரு முழக்கம், கூடவே அமெரிக்கச் சரித்திரத்தின் நல்ல பக்கங்களைச் சொல்லும் ஒரு ரேடியோ நாடகம். பேராசிரியர்களை ஆலோசகர்களாக வைத்தார்கள், கதை தப்பில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்கள். ஆனால் ஆரம்ப வருஷங்களில் ஒரு விதி இருந்தது: நாடகத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கக்கூடாது. வெடிச் சத்தமும் கூடாது. இந்த நிகழ்ச்சிக்கு எழுதியவரும், பிறகு அமெரிக்க ஒலிபரப்பின் சரித்திரத்தையே எழுதியவருமான எரிக் பார்னோ இதைப் பதிவு செய்திருக்கிறார். போர்க் காட்சி கிடையாது. பெண்களின் முன்னேற்றம் உண்டு, கறுப்பின மக்களின் சாதனை எப்போதாவதுதான். துப்பாக்கி மருந்து விற்றுப் பணக்காரர்கள் ஆனவர்கள் சொன்ன அமெரிக்கச் சரித்திரத்தில் பல வருஷம் ஒருத்தரும் ஒரு தோட்டாவும் சுடவில்லை! இதை நான் கற்பனையாக எழுதி இருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று சொல்வீர்கள்.

அதற்காக அந்த நாடகங்களை விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஆர்தர் மில்லர் பெரிய நாடக ஆசிரியர் ஆவதற்கு முந்தைய வறுமைக் காலத்தில் இதற்கு எழுதிச் சம்பாதித்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் ஒரு மனித வாழ்க்கையை நிமிர்த்தி நிறுத்துகிற கட்டுக்கோப்பு பல நாடகங்களில் உண்டு. நடுவில் ஒரு இனிய குரல் வந்து வேதியியலின் அதிசயங்களைச் சொல்லிவிட்டுப் போகும். முதலில் அதை ஓட்டிவிட்டுக் கேட்டேன், இப்போது ஓட்டுவதில்லை. நாடகத்தைவிடச் சில சமயம் அதுதான் சரித்திர ஆவணம். போர் வந்ததும் பாருங்கள், இதே நிகழ்ச்சி வீரர்களின் கதைகளுக்குத் தாவியது; துப்பாக்கி மேல் இருந்த வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் இதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடும். அது கண்ணுக்காக எடுத்த சினிமாவின் மிச்சம். இது காதுக்கென்றே எழுதியது. அதனால் செலவுக் கணக்கே வேறு. சினிமாவில் ரோம் நகரத்தைக் கொளுத்த லட்சக்கணக்கில் செலவு ஆகும். ரேடியோவில் ஒருத்தர் மைக் பக்கத்தில் செல்லோபேன் தாளைக் கசக்கினால் போதும். குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சி. இடிக்கு ஒரு பெரிய தகரத் தகட்டைப் பிடித்து உதறுவது. பனியில் நடப்பதற்குச் சோள மாவுப் பையைத் தாளத்துக்குப் பிசைவது. தலையை வெட்டுகிற காட்சிக்கு முட்டைக்கோஸை ஒரே போடாகப் போடுவது. அந்தச் சத்தத்தைத் தெரிந்துகொண்டு கேட்டாலும் கழுத்து கூசத்தான் செய்கிறது. நாலைந்து நடிகர்கள் மைக்கிலிருந்து தள்ளி நின்று 'வல்லா வல்லா' என்று முணுமுணுத்தால் ஒரு கூட்டம் ரெடி. பாரிஸ் புரட்சியும் கான்சாஸ் மாட்டுச் சந்தையும் ஒரே விலை.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது 'கன்ஸ்மோக்'. 1952 ஏப்ரலில் சிபிஎஸ்ஸில் தொடங்கி 1961 ஜூன் வரை. கதைக்களம் 1870-களில் கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி, மாட்டு மந்தைகள் ரயிலேறும் முரட்டு ஊர். நார்மன் மெக்டனல் தயாரிப்பு, ஜான் மெஸ்டன் எழுத்து. ஊர்க்காவல் அதிகாரி மேட் டில்லன்தான் நாயகன், ஆனால் நாயகனுக்கு உண்டான தோரணை எதுவும் அவனிடம் கிடையாது. களைத்துப்போனவன். பல எபிசோடுகளில் அவன் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும், பிணத்தைப் புரட்டிப் பார்ப்பதுதான் மிச்சம். நல்லவன் சாவான், கெட்டவன் பரிதாபமாக இருப்பான், யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

அதில் ஒலி அமைத்த டாம் ஹான்லி, ரே கெம்பர் குழுவின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். டில்லன் நடக்கிறான். முதலில் பலகை நடைபாதை, பூட்ஸ் கனமாக விழுகிறது, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் குதிமுள் லேசாகக் கிணுங்குகிறது. அப்புறம் பலகை முடிந்து மண், சத்தம் மங்குகிறது. தூரத்தில் ஒரு நாய். திரும்பவும் பலகை, ஒரு கதவு, உள்ளே பேச்சுச் சத்தம் அடங்குகிறது. இத்தனை நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசி இருக்க மாட்டார்கள். அன்றைய ரேடியோவில் சும்மா இருக்கிற ஒரு விநாடிக்குப் பயப்படாத தயாரிப்பாளர் குறைவு, இவர்கள் ஒரு தெருவையே நடந்து கடக்க விட்டார்கள். நடக்கிறவன் என்ன நினைத்துக்கொண்டு போகிறான் என்பதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்கிறீர்கள், அதுதான் விசேஷம்.

டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல், உடம்பு நல்ல குண்டு. 1955-இல் இதே தொடரை டிவிக்கு எடுத்துப் போனபோது அவருக்கு அந்த வேஷம் கிடைக்கவில்லை. ஆறு அடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸுக்குப் போனது, அவர் இருபது சீசன் அதைச் செய்தார். அதனால் ஆறு வருஷம் டிவியில் ஒரு டில்லனும் ரேடியோவில் ஒரு டில்லனும் ஒரே நேரத்தில் டாட்ஜ் சிட்டியைக் காவல் காத்தார்கள். இரண்டையும் பார்த்து, கேட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ரேடியோ டில்லன்தான் நிஜம். இதில் சமரசம் கிடையாது.

குரல் என்றால் ஆள் என்பதற்கு இன்னொரு கதை. சிறுவர்களுக்கான எல்லைப்புறக் கதையான 'லோன் ரேஞ்சர்' 1933-இல் டெட்ராய்ட் நகரத்து நிலையம் ஒன்றில் பிறந்தது. முகமூடிக்காரனாக நடித்த எர்ல் கிரேசர் 1941 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்துபோனார். நாடகத்தை நிறுத்த முடியாது, வேறு குரலைச் சட்டென்று வைத்தால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன செய்தார்கள் என்றால், கதையில் லோன் ரேஞ்சருக்குப் பலத்த காயம் என்று வைத்துவிட்டார்கள். சில எபிசோடுகளுக்கு அவன் முனகுவான், கிசுகிசுப்பான், அவ்வளவுதான். கதையைத் தோழன் டோன்டோ தூக்கிச் சுமந்தான். காயம் ஆறி எழுந்து பேசியபோது அது பிரேஸ் பீமரின் குரலாக இருந்தது.

இப்போது மறுபடி அந்த இரண்டு காலங்கள். 1941 டிசம்பர் 15 அமெரிக்க அரசியல் சட்டத்தின் உரிமைச் சாசனத்துக்கு 150-ஆவது ஆண்டு. அதற்காக நார்மன் கார்வின் என்ற 31 வயது எழுத்தாளரிடம் ஒரு மணி நேர நாடகம் கேட்டிருந்தார்கள். தலைப்பு 'வீ ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ்'. அவர் கலிஃபோர்னியாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது பேர்ல் ஹார்பர் செய்தி வந்தது. இனி இது வேண்டுமா என்று வாஷிங்டனுக்குக் கேட்டனுப்பினார், முன்னைவிட இப்போதுதான் வேண்டும் என்று பதில் வந்தது. எட்டு நாள் கழித்து அமெரிக்காவின் நாலு பெரிய நெட்வொர்க்குகளும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பின. ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஆர்சன் வெல்ஸ், லயனல் பாரிமோர் எல்லோரும் நடித்தார்கள், முடிவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பேசினார். சுமார் 6 கோடிப் பேர் கேட்டதாகக் கணக்கு. நாட்டின் ஜனத்தொகையே அப்போது 13 கோடி சொச்சம்தான்.

இன்று கேட்டாலும் அது உலுக்குகிறது. பேச்சு உரிமை, வழக்காடும் உரிமை, காரணமில்லாமல் கைது செய்யப்படாத உரிமை, ஒவ்வொன்றும் எதற்காக எழுதப்பட்டது, அதற்கு முன்னால் எத்தனை பேர் எரிக்கப்பட்டார்கள், அடைக்கப்பட்டார்கள் என்று கார்வின் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு நாட்காட்டி ஓடும். கடைசியில் பேசுகிற இதே ரூஸ்வெல்ட் இரண்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று, போடப் போகிற ஒரு கையெழுத்தால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வழக்கு விசாரணை ஏதும் இல்லாமல் முகாம்களில் அடைக்கப்படுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அன்று ரேடியோ கேட்டவர்களுக்கு இது தெரியாது. இந்தத் தடவை ஃபோர்ட்ஸ் தியேட்டரில் முடிவு தெரியாமல் நின்ற செய்தியாளரின் இடத்தில் மொத்த நாடும் நிற்கிறது.

'யூ ஆர் தேர்' 1953-இல் டிவிக்குப் போனபோது செய்தியாளர் வால்டர் குரோங்கைட் வந்தார், சிட்னி லூமெட் இயக்கினார். எழுதியது யார் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. ஏப்ரகாம் பொலன்ஸ்கி, வால்டர் பெர்ன்ஸ்டைன், ஆர்னல்ட் மனாஃப், மூன்று பேருமே கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை மறுக்கப்பட்டவர்கள், வேறு ஆட்களின் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது எது என்றால் சாக்ரடீஸ், கலிலியோ, அமெரிக்காவில் இருக்கிற சேலம் ஊர்ச் சூனியக்காரி வழக்கு. எல்லாம் பழைய விஷயம்தானே என்று மேலே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது பலரும் கேள்விப்பட்டிராத ஒன்று. 'டெஸ்டினேஷன் ஃப்ரீடம்'. சிகாகோவில் டபிள்யூஎம்ஏக்யூ நிலையம், 1948 ஜூன் முதல் 1950 வரை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில். ரிச்சர்ட் டர்ஹாம் என்ற கறுப்பின எழுத்தாளர், மிஸிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர், தனியாளாக 90-க்கும் மேல் எழுதித் தள்ளினார். (பிற்காலத்தில் முகமது அலியின் சுயசரிதையை அவரோடு சேர்ந்து எழுதியதும் இவர்தான்.) முதல் நாடகம் 1770 பாஸ்டன் படுகொலையில் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸைப் பற்றியது. அப்புறம் அடிமைகளைத் தப்ப வைத்த ஹாரியட் டப்மன், 1822-இல் சார்ல்ஸ்டனில் அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுத் தூக்கில் தொங்கிய டென்மார்க் வீஸி, ஹெய்ட்டியின் அடிமைப் புரட்சித் தலைவர் டூசான் லூவெர்ச்சூர். 'கேவல்கேட்' துடைத்து அடுக்கிய அதே சரித்திரத்தின் மறுபக்கம்.

இதே டபிள்யூஎம்ஏக்யூவில்தான் 1928-இல் 'ஏமஸ் அன் ஆண்டி' தொடங்கியது, இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்த நிகழ்ச்சி. அதைக் கேட்டுத்தான் நாடே விழுந்து விழுந்து சிரித்தது. இருபது வருஷம் கழித்து அதே நிலையத்திலிருந்து டர்ஹாம் பதில் சொல்கிறார், நாடு முழுவதற்கும் கூட இல்லை, ஒரு ஊருக்கு மட்டும், கோவிலுக்குப் போகிற நேரத்தில். அவருடைய தைரியம் கதைகளில் மட்டும் இல்லை, சொல்கிற விதத்திலும் இருந்தது. கறுப்பின இதய அறுவை மருத்துவர்களைப் பற்றிய நாடகத்தில் கதை சொல்வது ஒரு மனித இதயம். இதயமே உங்கள் காதில் பேசுகிறது. கேமராவால் இதைச் செய்யவே முடியாது, அல்லது செய்தால் சிரிப்பாகிவிடும். 1950-இல் டர்ஹாம் வெளியே போனார். நிலையம் அந்தப் பெயரை விடவில்லை, அதே தலைப்பில் பால் ரெவரை, அதாவது சுதந்திரப் போர்க்கால வெள்ளைக்கார வீரரை, கதைசொல்லியாக வைத்துத் தேசபக்தி நாடகம் போட ஆரம்பித்தது. கொரியப் போர் தொடங்கிய வருஷம்.

இவையெல்லாம் நம் காதுக்கு வந்து சேர்ந்ததே ஒரு அதிர்ஷ்டம். அன்று பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புதான். கிழக்குக் கரைக்கு ஒருமுறை நடித்துவிட்டு, மேற்குக் கரைக்காக மூன்று மணி நேரம் கழித்து அதே நடிகர்கள் மறுபடி நடிப்பார்கள். பதிவு என்பது 16 அங்குலப் பெரிய தட்டுகளில், ஒரு பக்கத்துக்கு 15 நிமிஷம். போர்க் காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட்டதால் கண்ணாடித் தட்டுகளில் பதிந்தார்கள், கை தவறினால் போச்சு. வெளிநாட்டில் இருந்த படையினருக்காக ராணுவ ரேடியோ அனுப்பிய தட்டுகளால் தப்பித்தவை நிறைய, அவற்றில் விளம்பரத்தை வெட்டி இருப்பார்கள். அரை மணி நாடகத்தில் சரியாகப் பாதியில் இரைச்சல் மாறினால், தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'கன்ஸ்மோக்' முதல் இரண்டு வருஷம், விளக்கை அணைத்துவிட்டு. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் அந்த நடைச் சத்தம் தண்ணீரில் போய்விடும். அது பிடித்தால் டர்ஹாம். 'கேவல்கேட்' அவசரமில்லை.

தேடாதீர்கள் என்று சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு, 'டெத் வேலி டேஸ்'. 1930-இல் தொடங்கியது, போராக்ஸ் சலவைத் தூள் விற்ற கம்பெனியின் காசு. எழுதிய ரூத் வுட்மன் நியூயார்க்கில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி. பாலைவனத்தைப் பார்த்தே இராதவர், இந்த வேலைக்காக வருஷாவருஷம் டெத் வேலிக்குப் போய்ப் பழைய சுரங்கக்காரர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் உட்கார்ந்து கதை கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அப்படி 15 வருஷ நாடகங்கள். ஒலியாக மிஞ்சி இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நான் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். கிழவர் ஒருவர் கதையை முடித்துவிட்டு, அடுத்த வாரமும் வாருங்கள் என்கிறார்.